வளவாளர் வருகிறார், வழிவிடுங்கள்!

மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்குப் போகிற ஏ-9 வீதியில் பலாபத்வல வந்ததும் சுற்றுலா வேன்கள் வேகம் குறைக்கும். இருமருங்கும் வாசனைத் திரவியத் தோட்டங்கள்: மிளகு, ஏலம், சாதிக்காய், கறுவா, வனிலா. வெள்ளைக்காரர் இறங்கி, இலையைக் கசக்கி முகர்ந்து பார்த்து, எண்ணெய்ப் போத்தல் இரண்டு வாங்கிக்கொண்டு போவார்கள். இதே மண்ணில் விளைகிற இன்னொரு பணப்பயிரைப் பற்றிச் சுற்றுலாக் கையேடுகள் எழுதுவதில்லை. அதன் பெயர் ‘வயதுவந்த கற்போர்’. நாற்றுமேடை கொழும்பில், உரம் வெளிநாட்டு நிதி, அறுவடை வருடக் கடைசியில், ஒதுக்கிய காசு திரும்பிப் போய்விடுமோ என்ற பதற்றத்தில். ரப்பர் விலை விழும், மிளகு விலை விழும். இந்தப் பயிருக்கு மட்டும் விழுந்ததே இல்லை.

அறுவடைக்கு ‘செயலமர்வு’ என்று பெயர். முதலில் பதாகை வரும். அதில் சிங்களமும் ஆங்கிலமும் நிமிர்ந்து நிற்க, தமிழ் கடைசி வரியில் காலும் கொம்பும் இழந்து கிடக்கும். பிறகு குத்துவிளக்கு வரும். யார் எந்தத் திரியை ஏற்றுவது என்ற பதவி வரிசை முடிவாவதற்குள் ஒரு மணித்தியாலம் போய்விடும். பிறகு வரவேற்புரை, தலைமையுரை, ஆசியுரை, சிறப்புரை. அதற்குப் பிறகு பற்றிஸும் பால்தேநீரும். அதற்கும் பிறகு, நேரம் மிஞ்சியிருந்தால், வளவாளர். வளம் எங்கே என்று தேடாதீர்கள். அது அவருடைய போக்குவரத்துப் படிவத்தில் இருக்கிறது.

தலைப்பு இந்த முறை கனமானது: ‘பல்வேறு கற்றல் பாணிகளுக்கும் தலைமுறைகளுக்கும் ஏற்ப வயதுவந்தோரைப் பயனுறப் பயிற்றுவித்தல்’. ஸ்லைடு ஆங்கிலத்தில். பேச்சு சிங்களத்தில். வளவாளர் இருபது நிமிடம் மூச்சுவிடாமல் பேசி நிறுத்துவார். கள உத்தியோகத்தர் தொண்டையைச் செருமிக்கொண்டு மொழிபெயர்ப்பார்: “அவர் என்ன சொல்றாருன்னா, எல்லாரும் நல்லா படிக்கணுமாம்.” கைதட்டல். அடுத்த ஸ்லைடு.

கீழே உட்கார்ந்திருப்பவர்கள் யார்? விடியுமுன் ரப்பர்ப் பால் வெட்டப் போகிறவர்கள், மிளகும் கொக்கோவும் பறிப்பவர்கள், பிள்ளைகளைக் கொழும்புக் கடைகளுக்கு வேலைக்கு அனுப்பிவிட்டுப் பேரப்பிள்ளைகளை வளர்ப்பவர்கள். தோட்டத்துக் கணக்கில் ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர். நிறை குறைந்தால் அரைப்பேர். வராவிட்டால் பேரே இல்லை. நாள் சம்பளத்தை 1,000 ரூபாய் ஆக்கிய 2021ஆம் ஆண்டு வர்த்தமானியை எதிர்த்துக் கம்பனிகள் நீதிமன்றம் போன நாடு இது. 1,350 ஆவதற்கு 2024 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தப் பேரை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தவருக்குக் கிடைப்பது ஒரு சோற்றுப் பார்சல், ஒரு தொப்பி, நிறுவனத்தின் சின்னம் பொறித்த ஒரு பேனா. எழுதத் தெரியாதவருக்கும் பேனாதான். வளவாளருக்கு அன்றைக்கு எவ்வளவு என்று கேட்டால், அது ‘உள்ளக விடயம்’.

சரி, பாடத்துக்கு வருவோம். மனிதர்கள் நான்கு வகையாம். பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர், வாசித்தும் எழுதியும் கற்பவர், செய்து கற்பவர். நியூசிலாந்துக்காரரான நீல் ஃபிளெமிங் வகுத்துக் கொடுத்த பகுப்பு அது. யார் எந்த வகை என்று கண்டுபிடிக்க ஒரு வினாத்தாள் கொடுப்பார்கள். ‘புதிய கருவி ஒன்று வாங்கினால் அதன் கையேட்டை வாசிப்பீர்களா, இயக்கிப் பார்ப்பீர்களா?’ என்ற ரகக் கேள்விகள். மண்வெட்டிக்குக் கையேடு எங்கே கிடைக்கும் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் மொழிபெயர்ப்பாளருக்குத்தான் சங்கடம்.

அறுபது தாண்டிய அம்மா ஒருவர் அந்தத் தாளை வாங்குகிறார். கையை முழுக்க நீட்டிப் பிடிக்கிறார். பிறகு ஜன்னல் வெளிச்சத்துக்குச் சரிக்கிறார். கண்ணைச் சுருக்குகிறார். தாளைக் கொஞ்சம் கிட்டக் கொண்டுவந்து, மறுபடியும் தள்ளிப் பிடித்து, கடைசியில் பக்கத்தில் இருக்கும் பேத்தியிடம் கொடுத்து, “என்னா போட்டிருக்குன்னு சொல்லு பாப்பா” என்கிறார். வளவாளர் பூரித்துப் போகிறார். குறிப்பேட்டில் எழுதுகிறார்: ‘கேட்டுக் கற்பவர்’.

கற்றல் பாணியும் இல்லை, களிமண்ணும் இல்லை. அது வெள்ளெழுத்து. நாற்பது வயதுக்கு மேல் யாருக்கும் வரும். பவர் இரண்டில் ஒரு மலிவுக் கண்ணாடி போதும். அந்த அம்மா ஐந்து நிமிடத்தில் ‘பார்த்துக் கற்பவர்’ ஆகிவிடுவார். அவருக்குப் பின்னால் ஒருவர் பேனாவைப் பிடிக்க முடியாமல் கீழே வைத்துவிட்டார். பல வருடம் பால்வெட்டும் கத்தி பிடித்து விரல் மூட்டுகள் இறுகிப் போன மனிதர். அவருக்கு விழுந்த முத்திரை ‘செய்து கற்பவர்’. சுவரோரம் ஒன்றும் பேசாமல் இருப்பவருக்கு வளவாளர் பேசுகிற அலுவலகச் சிங்களம் பாதி விளங்கவில்லை. அவர் ‘அமைதியாக அவதானிப்பவர்’. வறுமைக்கும் நோய்க்கும் அவமதிப்புக்கும் இத்தனை அழகான பெயர்களை வேறு எந்தத் தொழிலும் கண்டுபிடித்ததில்லை.

இந்தப் பகுப்பாவது உண்மையா? 2004இல் பிரிட்டனில் ஃபிராங்க் காஃபீல்டும் அவர் குழுவினரும் உட்கார்ந்து எண்ணினார்கள். சந்தையில் இருந்த கற்றல் பாணி மாதிரிகள் 71. 2008இல் ஹெரால்ட் பாஷ்லர் உள்ளிட்ட நான்கு உளவியலாளர்கள் ஆய்வுகளைச் சலித்துப் பார்த்து, ஒருவரின் ‘பாணிக்கு’ ஏற்பக் கற்பித்தால் அவர் கூடுதலாகக் கற்கிறார் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்றார்கள். நான்கு வருடம் கழித்து, 2012இல், பிரிட்டனிலும் நெதர்லாந்திலும் ஆசிரியர்களிடம் கேட்டபோது பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இன்னமும் அதை நம்பிக்கொண்டிருந்தார்கள். அங்கே செத்துப்போன கோட்பாட்டுக்கு இங்கே கல்யாணம் செய்து வைக்கிறோம், அதுவும் தோட்டத்துக்காரன் செலவில். சான்று உள்ள வழிகள் இருக்கின்றன: படித்ததை நாள்விட்டு நாள் நினைவுகூரச் செய்வது, அடிக்கடி சோதித்துப் பார்ப்பது, ஏற்கெனவே தெரிந்ததோடு புதியதை முடிச்சுப் போடுவது. ஆனால் நாள்விட்டு நாள் வருவதற்கு வளவாளர் பலாபத்வலவில் தங்க வேண்டும். அதற்குத் திட்ட முன்மொழிவில் இடமில்லை.

அடுத்தது தலைமுறைப் படலம். திரையில் நான்கு பெட்டிகள். 1946 முதல் 1964 வரை பிறந்தவர்கள் ‘பேபி பூமர்’. போருக்குப் பின் அமெரிக்காவில் வீடும் காரும் குளிர்சாதனப் பெட்டியும் பெருகிய காலத்துப் பிள்ளைகள். அவர்கள் நிலைபேறான வாழ்க்கையை விரும்புவார்களாம், அதிகாரத்தை மதிப்பார்களாம். மாத்தளைத் தோட்டத்து ‘பூமர்’ வாழ்க்கை எவ்வளவு நிலைபேறாக இருந்தது என்று பார்ப்போமா? 1948இல் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. அவனுடைய அப்பன் நாடற்றவன் ஆனான். அடுத்த வருடம் வாக்கும் போனது. 1947 தேர்தலில் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய ஜனம் வாக்குச்சாவடி வாசலில் வேடிக்கை பார்க்கும் ஜனமாயிற்று. அந்தத் தலைமுறைப் பெட்டியின் கடைசி வருடமான 1964இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம்: 5,25,000 பேர் அங்கே இந்தியாவில், 3,00,000 பேர் இங்கே இலங்கையில், மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம். அண்ணன் ராமேஸ்வரம் போகும் கப்பலில், தம்பி லயத்தில்.

‘தலைமுறை எக்ஸ்’, 1965 முதல் 1980 வரை. சுதந்திரமான சிந்தனையாளர்களாம். 1973–74இல் தோட்டங்களில் பட்டினி கிடந்து செத்தவர்களின் பிள்ளைகள் எதைச் சுதந்திரமாகச் சிந்தித்தார்கள் என்பதை வளவாளர் சொல்லட்டும். 1977 கலவரத்தையும் அதே பெட்டியில் போட்டுக்கொள்ளலாம். ‘மிலேனியல்’, 1981 முதல் 1996 வரை. பின்னூட்டத்தை எதிர்பார்ப்பவர்களாம். அவர்களுக்கு 1983இல் கிடைத்த பின்னூட்டத்தில் மாத்தளை நகரமே எரிந்தது. ‘தலைமுறை இசட்’ 1997க்குப் பிறகு. தொழில்நுட்பத்தோடு பிறந்தவர்களாம். அவர்களுடைய பாட்டி தாத்தாமாரில் எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்குப் பிரசாவுரிமை கொடுக்கும் 35ஆம் இலக்கச் சட்டம் 2003இல்தான் வந்தது. நாடே பிந்திக் கிடைத்தவர்களுக்கு நாட்டுப்பற்று, தலைமைத்துவம், நேர முகாமைத்துவம் எல்லாம் கற்பிக்க வருகிறார்கள். நேர முகாமைத்துவம்! 55 வருடம் தாமதித்த அரசு, பிரட்டுக்கு ஐந்து நிமிடம் பிந்தினால் திரும்பிப் போகச் சொல்லப்படும் தொழிலாளிக்கு நேர முகாமைத்துவம் கற்பிக்கிறது!

இத்தனைக்கும் இந்தப் பக்கத்து ஜனங்கள் கற்கத் தெரியாதவர்கள் இல்லை. பலாபத்வலவுக்குத் தெற்கே, மாத்தளைக்குப் போகும் வழியில் அளுவிகாரை இருக்கிறது. பஞ்சமும் போரும் சூழ்ந்த காலத்தில், தலைமுறை தலைமுறையாகத் துறவிகள் மனப்பாடமாகவே காத்துவந்த திரிபிடகம் முதன்முதலில் ஓலையில் எழுதப்பட்ட இடம் என்று மரபு சொல்வது அதைத்தான். அத்தனை நூற்றாண்டுகள் செவி வழியே படித்து, ஓதி, ஒப்பித்து, ஒருவர் தவற விட்டதை மற்றவர் திருத்திக் காத்தவர்கள் எல்லாரும் வயதுவந்தோர்தான். அவர்களுக்கு யாரும் வினாத்தாள் கொடுக்கவில்லை.

அது பழங்கதை என்றால் இன்றைக்கு வாருங்கள். வாசனைத் திரவியத் தோட்டத்து வழிகாட்டிப் பையன்களைக் கேளுங்கள். ஜெர்மன்காரரிடம் ஜெர்மனில் மிளகு விற்கிறார்கள், பிரெஞ்சுக்காரரிடம் பிரெஞ்சில் சந்தனக் களிம்பு விற்கிறார்கள். பல்கலைக்கழகப் படியேறிப் படித்ததா? வந்தவரிடம் காது கொடுத்து, தப்பாகப் பேசி, சிரிப்பை வாங்கிக் கட்டிக்கொண்டு, மறுநாள் திருத்திப் பேசிப் படித்தது. விற்றால் கமிஷன், அதனால் படித்தது. தோட்டத்து அம்மாவும் அப்படித்தான். பலாபத்வல பஸாரில் கருவாட்டுக்கு விலை பேச, பார்மசியில் மாத்திரை கேட்க, பஸ் நடத்துநரிடம் மிச்சக் காசுக்குச் சண்டை பிடிக்க அவருக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. வீட்டில் தமிழ், கடையில் சிங்களம், துரை பங்களாவில் நாலு வார்த்தை இங்கிலீசு. மூன்று மொழியில் பிழைக்கிற மனுஷியை ஒரு மொழி மட்டும் தெரிந்த வளவாளர் ‘எழுத்தறிவு குறைந்த இலக்குக் குழு’ என்று அறிக்கையில் எழுதுகிறார்.

பெரியவர்களுக்கு எப்படிக் கற்பிப்பது என்பது இந்த மலையகத்துக்குப் புதிய விஷயமும் அல்ல. வெளியார் தோட்டத்துக்குள் காலடி வைக்க முடியாத காலத்தில், தஞ்சாவூரிலிருந்து வந்த கோ. நடேசய்யர் துணி வியாபாரி வேடம் போட்டு லயங்களுக்குள் நுழைந்தார். பத்திரிகை நடத்தினார், துண்டுப் பிரசுரம் எழுதினார், 1931இல் தோட்டத் தொழிலாளர் சங்கம் கட்டினார். அவர் மனைவி மீனாட்சியம்மாள் கூட்டங்களில் பாடினார். தொழிலாளர் நிலையைப் பாட்டாகவே எழுதி 1940இல் நூலாக்கினார். எழுதப் படிக்கத் தெரியாதவர் பாட்டைக் கொண்டுபோய் அடுத்த லயத்தில் பாடினார். சம்பளக் கணக்கும் சட்டமும் பாட்டோடு சேர்ந்து போயின. அந்தச் செயலமர்வுக்குப் பற்றிஸ் இல்லை. அதற்கு எதிர்வினையாகத் துரைமார் காவல் போட்டார்கள். உண்மையான வயதுவந்தோர் கல்வி நடக்கிறதா என்று தெரிய வேண்டுமா? துரைக்குக் கோபம் வருகிறதா என்று பாருங்கள். பொன்னாடை வருகிறதென்றால் அங்கே யாரும் எதையும் கற்கவில்லை.

பிரேசிலில் பாவ்லோ ஃபிரெய்ரே செய்ததும் இதைத்தான். 1963இல் அங்கிகோஸ் என்ற ஊரில் ஏறத்தாழ முந்நூறு தொழிலாளர்களுக்குச் சில வாரங்களில் எழுத்தறிவித்தார். அவர்கள் தினம் புழங்கும் சொற்களையே பாடமாக்கினார். அந்த நாட்டில் அப்போது எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு வாக்கு கிடையாது. ஆகவே எழுத்துப் படித்தவன் வாக்காளன் ஆனான். மறுவருடம் இராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் ஃபிரெய்ரேயைப் பிடித்துச் சிறையில் போட்டது. பிறகு நாட்டைவிட்டே போக வேண்டியதாயிற்று. இன்றைக்கு அவருடைய தாடிப் படம் ஸ்லைடில் வருகிறது, நிதி தந்த நிறுவனத்தின் சின்னத்துக்குப் பக்கத்தில். நம் தோட்டத்து மக்களில் பலருடைய பாட்டன் பூட்டன் புறப்பட்டு வந்த புதுக்கோட்டைச் சீமையில், 1991இல் அறிவொளி இயக்கம் வந்தது. கல்குவாரிப் பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் படித்தார்கள். ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் பெண்கள் சைக்கிள் ஓட்டுவதை எழுத்தறிவின் அங்கமாகவே ஆக்கினார். தண்ணீருக்கும் வேலைக்கும் கூட்டத்துக்கும் இன்னொருவர் தயவு இல்லாமல் போய்வர முடிந்தது. அந்தப் பெண்களை யாரும் நான்கு பாணிகளாகப் பிரித்துக் கொண்டிருக்கவில்லை.

இங்கே என்ன கற்பிக்கலாம் என்று யாராவது அந்த அம்மாவைக் கேட்டிருக்கிறார்களா? சம்பளச் சீட்டை வாசிக்கக் கற்பியுங்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு அவர் சம்பளத்தில் நூற்றுக்கு எட்டு வெட்டுகிறார்கள்; தோட்டம் பன்னிரண்டு போட வேண்டும். போட்டதா என்று பார்க்கக் கற்பியுங்கள். ராமாயி என்று பிறந்தவர் பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர், சேமலாபத்தில் மூன்றாவது பெயர். அவர் பெயரைக் காதால் கேட்டுச் சிங்களத்தில் எழுதிய எழுதுவினைஞரின் கைங்கரியம் அது. ஓய்வு பெறும் நாளில் ‘மூன்று பேரும் நீயே என்று நிரூபி’ என்பார்கள். சத்தியக்கடதாசிக்கு அலைவதிலேயே கிடைக்கப்போகும் காசில் ஒரு பங்கு கரையும். அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவு விண்ணப்பத்தில் எந்தக் கேள்விக்கு என்ன பதில் எழுதினால் என்ன ஆகும் என்று கற்பியுங்கள். கடன் கொடுக்க லயத்து வாசலுக்கே வரும் நுண்கடன்காரன் சொல்லும் வாராந்தத் தவணைக்குள் வருட வட்டி எவ்வளவு ஒளிந்திருக்கிறது என்று கணக்குப் போடக் கற்பியுங்கள். இதையெல்லாம் கற்பித்தால் அவர் கேள்வி கேட்பார். அதனால்தான் தொப்பியும் பேனாவும் கொடுக்கிறீர்கள்.

அன்றைய செயலமர்வின் கடைசிக் காட்சி ஒன்று இருக்கிறது. எழுத்தறிவு பற்றி நாள் முழுக்கப் பேசி முடித்து, வரவுப் பதிவேடு சுற்றி வரும். அதற்குப் பக்கத்திலேயே ஒரு மைப்பெட்டி வரும். வரிசையாகப் பெருவிரலை அழுத்துவார்கள். ஏற்பாட்டாளர் முன்யோசனைக்காரர். காலையில் புறப்படும்போதே மைப்பெட்டியைப் பையில் போட்டிருக்கிறார். மாலையிலும் இவர்கள் கைநாட்டாகவே இருப்பார்கள் என்பதில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

இனி, உண்மையிலேயே கற்கச் சிரமப்படும் வயதுவந்தோரைப் பார்ப்போம். இவர்கள் மேடையிலும் கவுண்டருக்கு அப்பாலும் இருக்கிறார்கள். 1987இல் 13ஆவது திருத்தம் தமிழும் அரசகரும மொழி என்றது. 1991இல் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவை அமைக்கச் சட்டம் வந்தது. 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கப் பொது நிர்வாகச் சுற்றுநிருபம், அந்த வருடம் ஜூலை 1க்குப் பிறகு அரச சேவையில் சேருவோர் ஐந்து வருடத்துக்குள் இரண்டாவது அரசகரும மொழியில் தேர்ச்சி பெற வேண்டும் என்றது. அதே வருடம் மொழிக் கல்விக்கென்று ஒரு தேசிய நிறுவகத்துக்கே சட்டம் போட்டார்கள். 2011இல் கற்றுக்கொண்ட பாடங்கள் ஆணைக்குழு, பொலிஸ் நிலையங்களில் தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் வேண்டும் என்று மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது. பெயரே ‘கற்றுக்கொண்ட பாடங்கள்’! இத்தனை சட்டம், இத்தனை வகுப்பு, இத்தனை ஊக்கப்படி. அப்புறமும் அந்த அம்மா ஒரு முறைப்பாடு கொடுக்கப் போனால் பேத்தியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டுதான் போகிறார். தமிழில் எழுதிய கடிதத்துக்குச் சிங்களத்தில் பதில் வருகிறது. அதைக் காட்டி விளக்கம் கேட்டால், “எங்களுக்கு இன்னும் பழக்கமில்லை” என்று இனிமையாகச் சிரிக்கிறார்கள். பஸாரில் மிச்சக் காசுக்காக ஒரு மொழியைப் படித்துவிட்ட மனுஷியிடம், சம்பளமும் படியும் ஓய்வூதியமும் வாங்கிக்கொண்டு ஒரு மொழியைப் படிக்க முடியாதவர்கள், ‘கற்றல் இடர்ப்பாடு’ பற்றி வகுப்பெடுக்கிறார்கள்!

ஆகவே அடுத்த செயலமர்வை இப்படி வைப்போம். கற்போர் வரிசையில் உத்தியோகத்தர்களும் வளவாளர்களும். தரையில் பாய், கதிரை கிடையாது. வளவாளராகத் தோட்டத்து அம்மாமார். அவர்களுக்கு முழுப்பேரும் கட்டணமும் கையிலே. பாணிகளும் வகுத்துவிடலாம்: பார்த்தும் பார்க்காதவர், கேட்டும் கேட்காதவர், வாசித்துவிட்டுக் கோப்பில் போட்டவர், செய்கிறேன் என்று சொல்லிக்கொண்டே இருப்பவர். தலைமுறையும் உண்டு: தனிச் சிங்களச் சட்டத்தின் 1956 தலைமுறை, 1987 தலைமுறை, 2007 தலைமுறை. பரீட்சை ஒன்றே ஒன்று. முழுக்கத் தமிழில் அச்சிட்ட விண்ணப்பம். சொந்தப் பெயரை மூன்று இடத்திலும் ஒரே மாதிரி எழுத வேண்டும். துணைக்குப் பேத்தி கிடையாது. தேறியவருக்குப் பேனா. தேறாதவருக்கு அன்றைக்கு அரைப்பேர்.